நிணநீரும் நீவுதலும்

மக்கள் உடம்பினுள் ஓடும் நீர் யாது என்று வினவின், குருதி ஒன்றனையே பெரும்பாலார் விடையாகக் கூறுவர். குருதியை யாவரும் கண்டுளர். விரலிற் சிறு முள் தைப்பினும் அது தன்னைத் தானே அறிவித்துக்கொள்ளும். அக்குருதியோடு உடனுறைந்து, அதனினும் மெல்லெனச் சென்று, ஆரவாரமின்றித் தன் தொழிலை முடிக்கும் பிறிதொரு நீரும் நம்முள் உண்டு. அதற்கு நிணநீர் என்பது பெயர். அந்நீரின் இயல்பினையும், அதன் ஓட்டம் தடைப்பட்டவிடத்துக் கையால் நீவியும் உடலைப் பேணியும் அதற்குத் துணைசெய்யும் முறையினையும் இக்கட்டுரையில் ஒருவாறு ஆராயப் புகுகின்றோம். தமிழ் பயிலும் மாணவர்க்கு மருத்துவத்தில் என்ன வேலை என வினவும் நண்பர், இடையிடையே சொல்லாராய்ச்சி வருதல் கண்டு அமைதியுறுவாராக.

முதற்கண் பெயரையே எடுத்துக்கொள்வோம். நிணம் என்பது கொழுப்பினைக் குறிக்கும் பழந்தமிழ்ச்சொல். சங்கச் செய்யுட்களில் ஊனுணவும் போர்க்களமும் பாடப்படும் இடங்களில் அது பயின்று வருதலை மாணவர் அறிவர். மேலைநாட்டார் இந்நீர்க்கு இட்ட பெயரோ, தெளிந்த நீர் என்னும் பொருளுடைய ‘லிம்பா’ என்ற இலத்தீன் சொல்லினின்று பிறந்தது. ஒரு சாரார் கொழுப்பு என்றனர்; மற்றொரு சாரார் தெளிநீர் என்றனர். இவற்றுள் எது பொருந்தும் எனின், இரண்டும் பொருந்தும் என்க. கைகால்களினின்று வரும் நிணநீர், வைக்கோலின் நிறம் சிறிதே கலந்த தெளிநீராக இருக்கும். குடலினின்று வருவதோ உணவிலுள்ள கொழுப்பைச் சுமந்து வருதலின், உண்டபின் பால்போல் வெளுத்துத் தோன்றும்.

இவ்வெண்மையே இந்நாளங்களைக் கண்டறிதற்கு ஏதுவாயிற்று. 1622ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் இத்தாலி நாட்டின் மிலான் நகரில் காஸ்பரே அசெல்லி என்னும் மருத்துவர், சற்று முன்னர் உணவுண்டிருந்த நாயொன்றனை அறுத்து ஆராய்ந்தபொழுது, குடலைத் தாங்கும் சவ்வின்மேல் வெண்ணிற இழைகள் பல பரந்திருத்தலைக் கண்டார். நரம்புகள் என்றே முதலிற் கருதினார். அவற்றுள் ஒன்றனைக் கத்தியாற் கீறவே, பால்போலும் நீர் வெளிப்பட்டது. பின்னர்ப் பட்டினி கிடந்த விலங்கில் அவ்விழைகள் புலப்படவில்லை. உண்ட விலங்கில் மீண்டும் புலப்பட்டன. தாம் கண்டதனை அவர் எழுதி வைத்தாரேனும், அந்நூல் அச்சேறியது 1627இல். அவரோ 1625இலேயே மறைந்தார். அவ்விழைகள் கல்லீரலுக்குச் செல்வன என்று அவர் கொண்டது பிழை. 1651இல் பிரஞ்சு நாட்டு ஜான் பெக்கே என்பார், அவை மார்பின் வழியே மேலேறும் ஒரு பெருங்குழாயிற் கூடிக் கழுத்தின் அடியில் இரத்தத்தோடு கலத்தலைக் காட்டினார். குடலில் மட்டுமன்றி உடல் முழுவதும் இத்தகைய நாளங்கள் உண்டு என்பதனைச் சுவீடன் நாட்டு ஓலாப் ருட்பெக்கும் டென்மார்க்கு நாட்டுத் தாமஸ் பார்த்தோலினும் அடுத்த சில ஆண்டுகளில் வெளியிட்டு, முதலிற் கண்டவர் யார் என்று வழக்காடினர். இக்கதை 17ஆம் நூற்றாண்டோடு முடிந்திலது. மூளையைச் சூழ்ந்த உறையிலும் நிணநாளங்கள் உண்டென எலிகளிடத்து ஆராய்ந்து இரு குழுவினர் தனித்தனியே உரைத்தது 2015இல் அன்றோ!

இனி அதன் தொழிலைக் காண்போம். காவிரிப் பாசனப் பகுதியில் வயலுக்கு நீர் கொணர்வது வாய்க்கால். மிஞ்சிய நீரைக் கொண்டுபோவது வடிகால். உடம்பிலும் அவ்வாறே. இரத்தத்தின் நுண்குழாய்களினின்று கசிந்த நீர் திசுக்களை ஊட்டுகின்றது. அந்நீரோடு சிறிது புரதமும் வெளிப்படும். புரதத்தின் துகள்கள் பெரியன ஆதலின் வந்த வழியே மீள மாட்டா. அவற்றையும் மிகுந்த நீரையும் கிருமிகளையும் வாரிக்கொண்டு செல்லும் வடிகாலே நிணநாளம். பெருங்குழாயின் வழியே நாளொன்றுக்கு 2 முதல் 4 லிட்டர் வரை நிணநீர் இரத்தத்தோடு சேர்கின்றது. வழியில் ஆங்காங்குக் கணுக்கள் உள. உடல் முழுவதும் ஏறக்குறைய 600 கணுக்கள் இருத்தல்கூடும் என்பர். அவை சுங்கச்சாவடி போன்றன. வரும் சரக்கைச் சோதித்துக் கிருமியைக் கண்டால் அங்கேயே போர் தொடுப்பன. விடுதியிற் பந்தாடிக் காலிற் புண்பட்ட நண்பர் இரண்டொரு நாளில், தொடையிடுக்கில் ‘நெறி கட்டிவிட்டது’ என்று கூறுவதனை யாம் கேட்டிருக்கின்றோம். கணு வீங்கியதனையே நம்மவர் அங்ஙனம் கூறுகின்றனர். நெறி என்பதற்கு வழி என்பதும் பொருள் அன்றோ? வழியிற் கட்டுண்டது என்று கொள்ளின் உடற்கூற்று நூலாரும் மறுக்கார். எனினும் இஃது எம் மனத்திற் பட்டதொரு விளையாட்டுக் கருத்தே. சொற்பிறப்பிற்குச் சான்றாகக் கொள்ள வேண்டா.

ஈண்டு ஒன்றனைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். குருதியை உந்துதற்கு நெஞ்சப்பை உண்டு. நிணநீர்க்கு அத்தகைய தலைமை உறுப்பு ஒன்றும் இல்லை. பின் எவ்வாறு அது காலடியினின்று கழுத்துவரை மேலேறுகின்றது? நிணநாளங்களினுள் சிறு கதவுகள் உள. அவை ஒருபுறமே திறப்பன. இரு கதவுகட்கு இடைப்பட்ட ஒவ்வொரு பகுதியும் தானே மெல்லச் சுருங்கி நீரை அடுத்த பகுதிக்கு ஏற்றும். நாம் நடக்குங்கால் கெண்டைக்கால் தசை அதனைப் பிழியும். ஆழ்ந்து மூச்சிழுக்குங்கால் மார்பிலுள்ள பெருங்குழாய் நீரை மேலே வாங்கும். இவையன்றித் தோலின் அசைவும் ஒரு துணை. நிணநாளங்களின் தொடக்க நுனிகள் நுண்ணிய நார்களாற் சுற்றியுள்ள திசுவோடு பிணைக்கப்பட்டுள. தோல் சற்றே இழுபடின் அந்நார்கள் நுனியின் வாயைத் திறந்துவிடும், நீர் உட்புகும். தோல் தளரின் வாய் மூடும்.

நிணநீர்க்கென வகுத்த நீவுமுறை அனைத்தும் இச்சிறு வாயிலைப் பற்றியே எழுந்தது. வாயில் திறத்தற்குத் தோல் இழுபட்டால் போதும். தசை நசுங்க வேண்டுவதில்லை. வன்மையாக அழுத்தினால் தோலடி நாளங்கள் நெருக்குண்டு ஓட்டம் தடைப்படும். மேலும் அவ்விடத்து இரத்த ஓட்டம் மிகுந்து, வடிய வேண்டிய நீரே பெருகும். உடம்பு பிடிப்பவர் எத்துணை வலிமையாகப் பிடிக்கின்றாரோ அத்துணை நன்மை என்று கருதும் நம் வழக்கம் இங்குச் செல்லாது.

தமிழிற் கையின் தொழிலைக் குறிக்கும் சொற்கள் எத்துணை! தடவுதல், வருடுதல், நீவுதல், உருவுதல், தேய்த்தல், பிடித்தல், அமுக்குதல், பிசைதல் என அவை மென்மையினின்று வன்மை நோக்கிப் படிப்படியாகச் செல்கின்றன. சித்த மருத்துவத்தார் தம் 32 புறமருத்துவ முறைகளுள் ஒன்றாகத் தொக்கணம் என்பதனை வைத்து, தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், அழுத்தல், இழுத்தல், அசைத்தல் முதலாக அதனை ஒன்பது வகைப்படுத்துவர். இவற்றுட் பல தசைக்கும் மூட்டுக்கும் உரியன. நிணநீரால் வீங்கிய உறுப்பின்மேல் முறுக்கலும் இறுக்கலும் செய்தல் தகாது. யாம் அறிந்தவரை நிணநீர்க்குரிய தொழில் வருடுதற்கும் நீவுதற்கும் இடைப்பட்டது. வருடுதலினும் சிறிது அழுத்தமுடையது, நீவுதலினும் மெல்லியது. கை தோலின்மேல் வழுக்கிச் செல்லாது, தோலையே தன்னோடு சிறிது நகர்த்திப் பின் விடுதல் வேண்டும். ஆதலின் எண்ணெயும் இதற்கு வேண்டப்படுவதன்று. எண்ணெய் இட்டால் கை வழுக்கும், தோல் நகராது. எண்ணெய்க் குளியலிற் பற்றுடைய எம்மனோர்க்கு இச்செய்தி சற்று மனவருத்தம் தருவதே.

இம்முறையை வகுத்தவர் டென்மார்க்கு நாட்டு எமில் வோடர் என்பாரும் அவர்தம் மனைவி எஸ்திரித் என்பாருமாவர். 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவர்கள் பிரஞ்சு நாட்டின் தென்கடற்கரையிலுள்ள கான் நகரில் தொழில் செய்தனர். நாட்பட்ட சளியால் வருந்தி வந்த பலர்க்குக் கழுத்துக் கணுக்கள் வீங்கியிருத்தலை அவர்கள் கண்டனர். கணுக்களைக் கையால் தீண்டலாகாது என்பது அக்கால மருத்துவர் கொள்கை. அதனையும் மீறி வோடர் மென்மையாக நீவிப் பார்த்து, 1936இல் பாரிசு நகரில் தம் முறையை வெளியிட்டார். வோடர்க்கு நெடுநாள் முன்னரே, 1892இல், அலெக்சாந்தர் பொன் வினிவார்ட்டர் என்னும் அறுவை மருத்துவர், வீங்கிய உறுப்பை உயர்த்தி வைத்தல், கட்டுப்போடுதல், மெல்ல நீவுதல் என்பனவற்றை எழுதியிருந்தனர் என்பதும் நினைக்கத்தக்கது. பிற்காலத்துச் செருமானிய நாட்டுப் போல்டி என்னும் மருத்துவத் தம்பதியர் இவற்றைத் தொகுத்து, தோற்பேணல், நீவுதல், கட்டு, உடற்பயிற்சி என நான்கு உறுப்புடையதாக ஒரு முறையாக்கினர். உலகெங்கும் இன்று கையாளப்படுவது அந்நான்கன் தொகுதியே.

நீவும்பொழுது எங்குத் தொடங்குவது என்பது புதியவர்க்கு வியப்பளிக்கும். கால் வீங்கியிருப்பின் காலிலேயே தொடங்குதல் இயல்பெனத் தோன்றும். வல்லுநரோ முதலில் ஆழ்ந்து மூச்சுவிடச் சொல்வர். பின் கழுத்தின் அடியை நீவுவர். பின் வயிறு, தொடையிடுக்கு, தொடை என வந்து, பாதத்தை இறுதியிலேயே தொடுவர். வடிகாலைத் தூர்வாருவோரைக் கேட்டால் இதன் காரணத்தைச் சொல்லிவிடுவர். கீழே நீர் சேருமிடத்தில் அடைப்பிருக்க, மேலே மடையைத் திறந்துவிட்டு என் பயன்? அன்றியும் ஒரு பக்கத்துக் கணுக்கள் அழிந்துபோயின் அடுத்த பக்கத்துக் கணுக்களுக்கு நீரைத் திருப்பிவிடுதலும் இம்முறையில் உண்டு. நீவி முடித்தபின் கட்டுப்போடுவர். கணுக்காலில் இறுக்கம் மிகுந்தும் மேலே செல்லச் செல்லக் குறைந்தும் இருக்கவேண்டும் அக்கட்டு. அதனோடு நடக்குங்கால் தசை உள்ளிருந்தும் கட்டு வெளியிருந்தும் நாளத்தைப் பிழிகின்றன. கட்டின்றி நீவுதல் மட்டும் செய்தால், வடிந்த நீர் மீண்டும் வந்து சேர்ந்துவிடும்.

இக்காலத்து அழகு நிலையங்கள் சில, நிணநீரை நீவி உடலிலுள்ள நச்சினையெல்லாம் வெளியேற்றுவோம் என்றும் உடலை மெலிவிப்போம் என்றும் விளம்பரம் செய்கின்றன. நச்சினை நீக்குதல் கல்லீரலும் சிறுநீரகமும் செய்யும் தொழில். நலமுள்ள உடம்பில் நிணநீர் நடந்தாலும் மூச்சுவிட்டாலும் தானே ஓடும். நீவியபின் ஒருவர்க்கு இளைப்பாறுதல் உண்டாயின் அதனை யாம் மறுக்கவில்லை. அதற்குமேற் கூறுவன நம்பத்தக்கன அல்ல. நோயாளரிடத்தும் இதன் பயனை அளந்தே கூறல் வேண்டும். மார்பகப் புற்றுநோய்க்குப்பின் கை வீங்கிய பெண்டிரிடத்துச் செய்த ஆராய்ச்சிகளைத் தொகுத்து 2015இல் வெளியான காக்ரேன் மதிப்புரை, நீவுதல் தீங்கற்றது எனவும், கட்டோடு சேருங்கால் கூடுதற்பயன் தரலாம் எனவும் கூறிற்று. அவ்வளவே.

இனி நம் நாட்டிற்கு வருவோம். நிணநீரின் தடையால் விளையும் வீக்கத்தை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். யானைக்கால் என்ற பெயரே அதற்குச் சான்று. அதன் காரணமோ நுண்ணிய நூற்புழு. 1872இல் கல்கத்தாவில் திமோத்தி லூயிஸ் என்பார் நோயாளர் குருதியில் அதன் குஞ்சுகளைக் கண்டார். 1876இல் ஆஸ்திரேலியாவில் ஜோசப் பேங்கிராப்ட் முதிர்ந்த புழுவைக் கண்டார். 1877இல் சீனத்து அமாய்த் துறைமுகத்தில் பேட்ரிக் மேன்சன், அப்புழு கொசுவினுள் வளர்வதனை மெய்ப்பித்தார். பூச்சி ஒன்று மனித நோயைத் தாங்கி வளர்க்கும் என முதன்முதல் நிறுவப்பட்டது அப்பொழுதுதான். தமிழ்நாட்டில் இதனைப் பரப்புவது சாக்கடை நீரில் முட்டையிடும் கொசு. கேரளத்துச் சேர்த்தலைப் பக்கத்திலோ வேறொரு புழுவும், ஆகாயத்தாமரையின் வேரைப் பற்றி வளரும் வேறொரு கொசுவும் உள. அங்கு வீக்கம் பெரும்பாலும் முழங்காலுக்குக் கீழேயே நிற்கும்.

முதிர்ந்த புழு நிணநாளத்தினுள்ளே ஆண்டுக்கணக்கில் வாழ்ந்து, நாளத்தை விரித்துக் கதவுகளைக் கெடுக்கின்றது. மருந்து குருதியிலுள்ள குஞ்சுகளை ஒழிக்கும். நோய் பிறர்க்குப் பரவாது தடுக்கும். கெட்ட கதவுகளை எம்மருந்தும் சீர்செய்வதில்லை. இலங்கை இந்நோயைப் பொதுநலக் கேடு என்னும் நிலையினின்று நீக்கிவிட்டது என உலக நலவாழ்வு நிறுவனம் 2016இல் அறிவித்தது. அவ்வறிவிப்பினால் அங்கு முன்னமே வீங்கியிருந்த கால்கள் வற்றிவிடவில்லை. எம் ஊரிற் பூ விற்கும் மூதாட்டி ஒருவர், புடைவையின் கொசுவத்தைத் தரையிற் புரளும்படி தாழ்த்திக் கட்டியிருப்பார். சிறுவயதில் அதனை யாம் ஒரு வழக்கம் என்றே கருதினோம். ஒருகால் அவர் எழுந்து நின்றபொழுதுதான் அதன் காரணம் விளங்கிற்று. திருமணம் ஆகாத பெண்ணாயின் வீட்டாரே இதனை மறைப்பர்; மறைக்கப்பட்ட கால் மருத்துவரிடம் செல்வதில்லை.

ஆயின் இக்கால்களுக்குச் செய்வது ஒன்றும் இல்லையோ எனின், உண்டு. இந்த உண்மையைப் பலரும் உணரச் செய்தவருள் ஒருவர் பிரேசில் நாட்டு ரெசிபி நகரத்து மருத்துவர் ஜெர்சா டிரேயர். கால் மேன்மேலும் பருப்பதற்குப் புழு மட்டும் காரணம் அன்று. நிணநீர் தேங்கிய தோலில் விரலிடுக்குப் புண், வெடிப்பு, சிறு கீறல் ஆகியவற்றின் வழியாகக் கிருமி புகும். உடனே குளிர்காய்ச்சலும், நெருப்பிலிட்டாற்போலும் வலியும், செம்மையும் உண்டாகும். ஒவ்வொரு தாக்குதலும் எஞ்சிய நாளங்களிற் சிலவற்றை அழித்துச் செல்லும். தோல் தடித்துக் கட்டைபோல் இறுகுவது இங்ஙனமே. எனவே முதல் மருத்துவம் கழுவுதலே ஆயிற்று. நீவுதலைப் பற்றி எழுதப் புகுந்த யாம் கழுவுதலை அதற்கு மேலாகக் கூற வேண்டியதாயிற்று; செய்தி அவ்வாறு இருக்கின்றது.

கழுவுதல் என்பதும் எளிய செயல் போலத் தோன்றும். அதற்கும் ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் நல்ல வெளிச்சத்தில் விரலிடுக்குகளையும் தோல் மடிப்புகளையும் பார்த்தல் வேண்டும். வெந்நீர் ஆகாது, தூய தண்ணீரும் சாதாரணச் சோப்பும் போதும். வீக்கத்தின் மேலெல்லையில் தொடங்கிப் பாதம் நோக்கி வருக. விரலிடுக்குகளை மெல்லிய துணியாலோ கைவிரலாலோ துடைக்க. நாரும் தூரிகையும் வேண்டா. ஊற்றும் நீர் தெளிந்து வழியும்வரை அலசியபின், துணியால் ஒற்றி எடுக்க; தேய்த்தல் கூடாது. விரலிடுக்கு நனைந்தே இருப்பின் பூஞ்சை பற்றும்; அதனால் அங்கு ஈரம் சிறிதும் நில்லாதபடி உலர்த்தி, வெடிப்பு இருப்பின் மருத்துவர் தந்த களிம்பை இடுக. கீழே குனிய இயலாத முதியவர்க்குப் பிறர் உதவி வேண்டும். பேரப்பிள்ளைகள் வீட்டில் இருத்தலின் பயன்களுள் இதுவும் ஒன்றாகலாம். எத்தியோப்பியாவில், செம்மண்ணில் வெறுங்காலோடு உழுது கால் வீங்கிய வேளாளரிடத்து 2018இல் வெளியான ஆராய்ச்சியொன்றும், இத்தகைய கழுவுதலும் காலணியும் தாக்குதல்களைக் குறைத்தலைக் காட்டிற்று. அங்குள்ள நோய்க்குப் புழு காரணம் அன்று, மண்ணே காரணம். பேணும் முறையோ ஒன்றே.

இரவில் கட்டிலின் கால்மாட்டுக் கால்களுக்குக் கீழே செங்கல் வைத்து உயர்த்தினால், உறங்கும்பொழுதே நீர் வடியும். பகலில் அமர்ந்திருக்குங்கால் கணுக்காலை மேலும் கீழும் அசைத்தலும், வட்டமாகச் சுழற்றலும், குதிகாலை உயர்த்தி நிற்றலும் போதிய பயிற்சியாகும். கேரளத்துக் காசரகோட்டில் உள்ள பயன்முறைத் தோல்நோய் நிறுவனத்தார் கழுவுதல், மூலிகைக் குடிநீரில் காலை ஊறவைத்தல், மென்மையான நீவுதல், மூச்சுப்பயிற்சியும் யோகமும், கட்டு என்பனவற்றை இணைத்துப் பல்லாண்டுகளாக மருத்துவம் செய்து வருகின்றனர். நம் நாட்டு முறையும் மேலைநாட்டு முறையும் ஒன்றையொன்று பழியாது ஓரிடத்தில் அமர்ந்திருத்தல் எமக்கு மகிழ்ச்சி தருகின்றது.

நீவுதல் ஆகாத காலங்களும் உள. கிருமித் தாக்குதலாற் கால் சிவந்து காய்ச்சல் இருக்கும்பொழுது நீவுதலும் பயிற்சியும் அறவே கூடா. காலை உயர்த்திக் குளிர்ந்த நீரால் ஒற்றி, மருத்துவர் தரும் கிருமிக்கொல்லி மருந்தை உட்கொண்டு ஓய்ந்திருத்தலே தக்கது. இதயம் தளர்ந்தவர்க்கு நீவி ஏற்றிய நீர் சுமையாகும். அன்னார் கட்டிலை உயர்த்துமுன்னரும் மருத்துவரைக் கேட்க வேண்டும். ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி வலித்தால் உள்ளே இரத்தம் உறைந்திருத்தல்கூடும். அதனை எண்ணெயிட்டுத் தேய்க்க முயல்வோர் பெருந்தீங்கு செய்கின்றனர்.

புற்றுநோய் அறுவையால் அக்குட் கணுக்களை இழந்த பெண்டிரைப் பற்றியும் சிறிது கூறல் வேண்டும். கை வீங்கும் என்றஞ்சி, குடந்தூக்காதே, அரைக்காதே, எப்பொழுதும் கையை அசைக்காதே என்று வீட்டில் அவர்களைத் தடுப்பர். அன்பினாலே தடுக்கின்றனர் என்பதில் ஐயமில்லை. ஆனால் அமெரிக்காவில் இத்தகைய கைவீக்கமுடைய 141 பெண்டிரிடத்துச் செய்து 2009இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், வல்லுநர் மேற்பார்வையில் சிறிது சிறிதாகப் பளுவைக் கூட்டித் தூக்கப் பழகியவர்க்கு வீக்கம் மிகவில்லை. திடீரென மோசமாதலும் குறைந்தது. தசைதான் நிணநீர்க்கு நெஞ்சப்பை என்று மேலே கண்டோம். அதனை ஓயவைத்தல் துணையாவது எங்ஙனம்? காய்கறி நறுக்குங்கால் விரல் வெட்டுண்ணாமலும், பூச்சிக்கடியைச் சொறிந்து புண்ணாக்காமலும் அக்கையைக் காத்து, மற்றை வேலைகளைப் படிப்படியாகச் செய்யவிடுதலே தக்கது.

யானைக்கால் உடையவர்க்கு அரசினர் நலத்துறையார் ஆங்காங்குக் கால் பேணும் பொருள்களை ஒருங்கே கட்டி இலவசமாக வழங்குகின்றனர். அவற்றை ஏதேனும் பெரிய கருவிகளாக எண்ணுதல் வேண்டா: ஒரு தொட்டி, ஒரு குவளை, ஒரு சோப்பு, ஒரு துண்டு, ஒரு களிம்பு. அருகிலுள்ள ஆரம்ப நலவாழ்வு நிலையத்தில் வினவினால் இது பற்றிக் கூறுவர்.